நீராவி இஸ்திரிப் பெட்டி பிறந்த கதை

பருத்தி விளைவிப்பவருக்கும் துணி நெய்பவருக்கும் இஸ்திரிப் பெட்டியோடு நேரான தொடர்பு இல்லை என்று எண்ணுவது இயல்பே. தறியிலிருந்து இறங்கிய சேலை சங்கத்தின் வாயிலைக் கடந்த பின்னரே பெட்டியின் கீழ் வருகிறது. அதற்குள் நெய்தவரின் கூலியும் கணக்கில் ஏறியிருக்கும். ஆயினும் இருப்புச் சரிபார்ப்பதற்காக நான் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், இஸ்திரிப் பெட்டி ஒன்றின் காரணமாக ஒரு முதிய உறுப்பினரின் கூலி நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அவர் நெய்து கொடுத்த 12 பருத்திச் சேலைகளில் இளம் பழுப்பு நிறப் புள்ளிகள் தென்பட்டன. தறியில் பட்ட எண்ணெய்க் கறை என்று அலுவலகத்தார் முடிவு கட்டிவிட்டனர். “என் தறியிலிருந்து இறங்கும்போது இது இல்லை, ஐயா” என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அந்த விவகாரம் எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர் கூறுகிறேன். அது விளங்க வேண்டுமாயின், சூடான உலோகத் தட்டு ஒன்றின் உள்ளே நீர் எவ்வாறு வந்து குடியேறியது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

துணியின் சுருக்கத்தை நீக்கும் வேலையில் மூன்று பங்காளிகள் உண்டு: எடை, வெப்பம், ஈரம். இவற்றுள் எடையே முதன்மை என்று மேனாட்டார் நெடுங்காலம் நம்பி வந்தனர். அடுப்பின் மீது வைத்துச் சூடேற்றும் கெட்டி இரும்புப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே ‘கனத்தது’ என்னும் பொருள் தரும் பழஞ்சொல்லிலிருந்து வந்ததாகும். தையற்காரர்கள் கையாண்ட பெட்டி அதனினும் பெரிது. அதன் கைப்பிடி வாத்தின் கழுத்தைப் போல் வளைந்திருந்ததால் அதற்கு ‘வாத்து’ என்றே பெயரிட்டிருந்தனர். கனமான பெட்டி சூட்டை நீண்ட நேரம் வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அக்கனத்தை நாள் முழுவதும் தூக்கி வைத்தது யாருடைய தோள் என்று வடிவமைத்தவர்கள் அதிகமாகச் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

சிந்தித்தவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒட்டும்வா என்னும் ஊரில் வாழ்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் அம்மையார், கழற்றி மாட்டக்கூடிய மரக் கைப்பிடி கொண்ட பெட்டி ஒன்றுக்கு 1871ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பல பெட்டிகளுக்குக் கைப்பிடி ஒன்றே போதும். ஒன்று கையில் இருக்கும்போது மற்றவை அடுப்பின் மேல் சூடேறிக்கொண்டிருக்கும். கைப்பிடியோ எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பெட்டியின் இரு முனைகளையும் கூராக்கி, எப்பக்கம் தள்ளினாலும் தேய்க்குமாறு செய்ததும் அவருடைய யோசனையே. இருப்பினும் எடை என்னும் சுமை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

எடையை நம்பியது ஏன் தவறு என்பதைப் பருத்தியின் இயல்பே காட்டுகிறது. பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளாலானது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் உலரும்போது அந்தக் கசங்கலோடேயே அவை பற்றிக்கொள்கின்றன. நீர் இழையினுள் புகுந்தவுடன் பிடி தளர்கிறது. வெப்பம் அத்தளர்ச்சியை மிகுவிக்கிறது. தட்டையான நிலையில் ஈரம் வெளியேறும்போது பிணைப்புகள் அந்நிலையிலேயே மீண்டும் அமைகின்றன. ஆகவே சுருக்கத்தை அவிழ்ப்பது ஈரமும் சூடும். துணியைத் தட்டையாகப் பிடித்திருக்கும் அளவுக்கு எடை இருந்தால் போதும். இதனை அறிவியல் சொல்லும் முன்னரே இல்லத்துப் பெண்களும் சலவைத் தொழிலாளரும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் விரல்களால் நீர் தெளிப்பதைப் போலவே, அமெரிக்க இல்லங்களில் துளையிட்ட மூடி பொருத்திய புட்டியால் துணியில் நீர் தெளித்துச் சுருட்டி வைப்பர். ஈரம் சீராகப் பரவச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடாமல் இருக்க, சுருட்டிய துணியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தவர்களும் உண்டு. திங்கட்கிழமை துவைப்பதும் செவ்வாய்க்கிழமை தேய்ப்பதும் அங்கே வழக்கமாக இருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மின்சார வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. மின்சாரத்தால் சூடேறும் பெட்டிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி என்பவர் 1882ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் காப்புரிமை பெற்றார். ஆனால் வீடுகளில் மின்சாரம் அரிதாக இருந்தது. இருந்த ஊர்களிலும் பெரும்பாலும் இரவில் விளக்கெரிக்கவே கிடைத்தது. கலிபோர்னியாவில் ஒன்டாரியோ என்னும் ஊரின் மின் நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்ல் ரிச்சர்ட்சன், செவ்வாய்க்கிழமைகளில் பகலிலும் மின்சாரம் வழங்குமாறு ஏற்பாடு செய்து, தாம் செய்த பெட்டிகளை வாடிக்கையாளர்களிடம் பரீட்சைக்குக் கொடுத்தார். நடுப்பகுதி மிதமிஞ்சிச் சூடாகிறது, மடிப்பினுள்ளும் பொத்தானைச் சுற்றியும் செல்ல வேண்டிய முனையோ ஆறிக் கிடக்கிறது என்று அவ்வில்லத்தரசிகள் கூறினர். முனைக்கு வெப்பம் செல்லுமாறு அவர் மாற்றியமைத்த பெட்டிதான் 1905இல் ‘ஹாட்பாயிண்ட்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. உபயோகிப்பவரின் சொல்லைக் கேட்டுப் பொருளைத் திருத்தியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வெப்பம் ஓர் அளவை எட்டியவுடன் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் 1920களில் வந்து சேர்ந்தது. துணி கருகும் அபாயம் பெரிதும் குறைந்தது. மூன்று பங்காளிகளுள் எஞ்சி நின்றது ஈரம் ஒன்றே.

நீராவியை முதலில் கைக்கொண்டவர்கள் தையற்காரர்கள். கம்பளித் துணியின் மேல் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை விரித்து அதன் மீது சூடான பெட்டியை வைத்தால் ஆவி எழுந்து கம்பளியினுள் இறங்கும். நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸ் நகரத் தையற்காரரான ஏடன் ஹாஃப்மன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவியால் இயங்கும் அழுத்து எந்திரத்தை அமைத்தார். அதில் ஆவி வேறொரு கொதிகலனில் உண்டாகிக் குழாய் வழியே வரும். தொழிற்கூடத்துக்கு அது பொருந்தும். வீட்டு மேசைக்குப் பொருந்தாது. கொதிகலனையே கைப்பிடிக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ளங்கை அகலத்தில் அடக்க வேண்டும் என்பதுதான் வீட்டுப் பெட்டி செய்ய முனைந்தோர் முன் நின்ற சவால்.

1926இல் நியூயார்க்கைச் சேர்ந்த எல்டெக் என்னும் சலவை நிறுவனம் நீராவி மின் இஸ்திரிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வாணிபத்தில் வெற்றி பெறவில்லை. சிகாகோ நகரத்து மாக்ஸ் ஸ்கால்னிக் 1934இல் ஒரு காப்புரிமை பெற்றார். 1938இல் அவரிடமிருந்து உற்பத்தி உரிமையைப் பெற்ற ஸ்டீம்-ஓ-மாட்டிக் நிறுவனத்தின் பெட்டியே மக்களிடையே ஓரளவேனும் பரவிய முதல் நீராவிப் பெட்டியாகும். முதல் முயற்சிக்கும் ஓரளவு வெற்றிக்கும் இடையே 12 ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் விலை மட்டும் அன்று. ஆரம்பகாலப் பெட்டிகளின் அமைப்பிலேயே பெரிய இடர்ப்பாடு இருந்தது.

அவ்வமைப்பைக் கொதிகல வகை என்று கூறலாம். தொட்டியில் உள்ள நீர் முழுவதும் கொதிக்க வேண்டும். மேலே திரளும் ஆவி குழாய் வழியே இறங்கி அடித்தட்டின் துளைகளில் வெளிப்படும். சோற்றுப் பானை பொங்குவதைப் பார்த்தவர்க்கு இதன் குறை உடனே புலப்படும். தொட்டியைச் சற்று நிறைய நிரப்பினாலும், பெட்டியைச் சரித்தாலும் கொதிநீரே ஆவியோடு சேர்ந்து குழாயில் ஏறித் துணியின் மேல் தெறிக்கும். ஆவி வரச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். வரத் தொடங்கினால் வேண்டாதபோது உடனே நிறுத்த முடியாது. நீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்ததால், தோளுக்கு வந்த இளைப்பாறுதலிலும் ஒரு பகுதி போயிற்று.

இதற்குத் தீர்வாக வந்தது சொட்டு வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதுவே பெருவழக்காயிற்று. இதில் தொட்டி நீர் கொதிப்பதில்லை. ஊசிமுனை போன்ற ஓர் அடைப்பானின் வழியே நீர் சொட்டுச் சொட்டாக அடித்தட்டினுள் உள்ள சூடான அறையில் விழுந்து, விழுந்த கணமே ஆவியாகிறது. ஊசியை இறக்கினால் சொட்டு நிற்கும், ஆவியும் நிற்கும். நீரில்லாமல் வெறும் பெட்டியாகவும் உபயோகிக்கலாம். எளிய யோசனைதான், ஆனால் எளிய யோசனைகளுக்கே உரிய நுட்பமான தொல்லைகள் இதிலும் இருந்தன.

முதலாவது, தோசைக்கல் தொல்லை. காய்ந்த கல்லில் நீர் தெளித்தால் துளிகள் முத்துப்போல் உருண்டோடுவதைக் காண்கிறோம். துளிக்கும் கல்லுக்கும் இடையே உண்டாகும் ஆவிப்படலமே துளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது விரைவில் ஆவியாகாமல் தடுக்கிறது. வழுவழுப்பான உலோக அறையிலும் இவ்வாறே நேர்ந்து, ஆவியாகாத துளி துளை வழியே ஓடிவந்துவிடும். ஆகையால் அறையின் உட்புறத்துக்குத் தனியாகப் பூச்சிட்டு, நீர் உருளாமல் பரவி ஒட்டுமாறு செய்தனர்.

இரண்டாவது, வெப்பத்தின் பங்கீடு. 30 டிகிரியில் உள்ள 1 கிராம் நீரை 100 டிகிரிக்குக் கொணர 70 கலோரியும், அதை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரியும் ஆக 610 கலோரி வேண்டும். 1,000 வாட் பெட்டி நொடிக்கு 239 கலோரி தருகிறது. அவ்வளவும் நீருக்கே செலவானாலும் நிமிடத்திற்கு 23 கிராமுக்கு மேல் ஆவி கிடைக்காது. அப்போது துணியை உலர்த்த அடித்தட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஊசி தாராளமாகத் திறந்திருந்தாலோ, வெப்பத் திருகு தாழ்வாக வைக்கப்பட்டிருந்தாலோ, நீர் நீராகவே வெளியேறும். பருத்திக்கு ஏறத்தாழ 200 டிகிரி, பட்டுக்கும் கம்பளிக்கும் 150 டிகிரி, நைலானுக்கு 110 டிகிரி என்பது இன்றைய ஆடைக் குறியீடுகளின் உச்ச அளவு. 110 டிகிரியில் நிற்கும் தட்டு சொட்டை நம்பிக்கையாக ஆவியாக்குவதில்லை. திருகின் மீது ஆவிக்கென்று தனி எல்லை குறிக்கப்பட்டிருப்பது இதன் பொருட்டே. அதை அலங்காரக் கோடு என்று கருதுவோர் பலரை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, உப்பு. ஆவி மேலே போகும். நீரில் கரைந்திருந்த உப்பு போகாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு உள்ள கிணற்று நீரை 200 மில்லிலிட்டர் கொள்ளும் தொட்டியில் ஒருமுறை ஊற்றித் தீர்த்தால் உள்ளே தங்குவது 100 மில்லிகிராம். நூறு முறைக்கு 10 கிராம். அது ஊசியின் வாயை அடைக்கும். அறையின் சுவரில் ஓடாகப் படியும். பெயர்ந்து, நீர் கசியும்போது துணியில் இறங்கும். நீரில் இரும்புச் சத்தும் இருந்தால் கறை பழுப்பாகவே விழும். வடித்த நீரையே ஊற்றுக என்று ஆரம்பகால உற்பத்தியாளர்கள் வற்புறுத்தியது விலையேற்றும் தந்திரம் என்று சிலர் நினைத்தனர், அவ்வாறு அன்று. அடித்தட்டின் துளைகளைப் பொறுத்தவரை, முதலில் சிலவாக இருந்தவை பின்னர் பெருகின. ஆவி பரவலாக விழுவதற்கு அது உதவியது என்றாலும், ஓர் எல்லைக்குப் பிறகு துளைகளின் எண்ணிக்கை விளம்பரத்துக்கே பயன்பட்டது என்பது என் எண்ணம்.

இனி அந்த 12 சேலைகள். புள்ளிகளை நான் உற்று நோக்கியபோது அவை தாறுமாறாக இல்லை. ஒவ்வொரு கூட்டமும் முன்புறம் கூர்ந்த வளைவாக, சமமான இடைவெளியோடு அமைந்திருந்தது. தறி எண்ணெய் அவ்வாறு தெறிக்காது. அது பாவின் நீளத்திலோ ஊடையின் ஓட்டத்திலோ இழுபட்டுக் கிடக்கும். விற்பனைப் பகுதியிலிருந்த நீராவிப் பெட்டியைக் கொணரச் செய்து, ஆறிய நிலையில் அதன் அடித்தட்டைப் புள்ளிகளின் மீது வைத்துப் பார்த்தோம். துளைக்குத் துளை பொருந்தியது. தொட்டியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர். சேலை கருகிவிடுமோ என்ற அச்சத்தால் திருகைத் தாழ்வாக வைத்து, ஆவி ஊசியை முழுமையாகத் திறந்து தேய்த்திருக்கிறார்கள். நிமிர்த்தி வைத்த பெட்டியை மீண்டும் துணியில் படுக்க வைக்கும் முதற்கணத்தில், உள்ளே தேங்கிய நீர் துளைகளின் வழியே அப்படியே இறங்கியிருக்கிறது. ஒரு பழைய வெள்ளைத் துணியில் அவ்வாறே செய்து காட்டியபோது, அதே வளைவு அதே நிறத்தில் விழுந்தது.

காரியதரிசி அன்று மாலையே நிறுத்தி வைத்த கூலியை விடுவித்து, முதியவரின் பாஸ் புத்தகத்தில் வரவு வைத்தார். முதியவர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பித் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சலவைக்குப் பின் ஒன்பது சேலைகள் தெளிந்தன. எஞ்சிய மூன்றும் சேதச் சரக்கில் ஏற்றப்பட்டன. காரணப் பத்தியில் முன்பு எழுதியிருந்த ‘தறிக் கறை’ என்பதை அடித்து, ‘இஸ்திரிப் பெட்டி நீர்க்கசிவு’ என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.