ஊதுபத்தியும் விரவலும்

விரவலை விளக்க நாம் வழக்கமாக ஊதுபத்தியை ஏற்றுகிறோம். அந்த மணத்தை வகுப்பறை முழுவதும் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் காற்றோட்டமே. மின்விசிறி சுழன்றால் கேட்கவே வேண்டாம்.

செல் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால் உள்ளே அதன் செறிவு குறைவு. எனவே வெளியிலிருந்து சவ்வைக் கடந்து அது உள்ளே விரவுகிறது. கார்பன் டைஆக்சைடு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. தூரம் இருமடங்கானால் விரவும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். நீரில் ஆக்சிஜன் 10 மைக்ரோமீட்டர் கடக்க நொடியில் சிறு பகுதி போதும். 1 சென்டிமீட்டருக்குப் பல மணி நேரம், 1 மீட்டருக்கோ ஆண்டுகள். அமீபாவுக்கு விரவல் மட்டுமே போதும். நமக்கு இதயமும் இரத்த நாளங்களும் வேண்டியிருக்கின்றன.

ஊதுபத்திக்குப் பதில், கடல்பாசி ஜெல்லியின் நடுவே ஒரு சொட்டு மை விடலாம். பாடவேளை முடியும்போதும் அது சில மில்லிமீட்டரே பரவியிருக்கும். மறுநாள் மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள்.