ஒரு தீவுக்கு எத்தனை பெயர்!

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒன்றாம் வகுப்பில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் சில வாண்டுகள் வாயே திறக்காது. பக்கத்துப் பையன், 'டேய், உன்னைத்தான்டா!' என்று இடித்த பிறகே, 'உள்ளேன் ஐயா' என்று எழும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு அல்லவா? இதே கதை ஒரு தீவுக்கும் நடந்திருக்கிறது.

நம் பண்ணைப்புரத்தில் நின்று பார்த்தால் மலைதான் தெரியும். கடலைப் பார்க்க ராமேஸ்வரம் போக வேண்டும். அங்கிருந்து வடகிழக்கே, கச்சத்தீவையும் தாண்டினால் இருப்பது நெடுந்தீவு. இலங்கையின் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளில், ரொம்பத் தள்ளி இருப்பது இதுதான். பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். 'நெடு' என்றால் நீளம். தொலைவு என்றும் பொருள் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் இந்தத் தீவுகள் வழியாகக் கப்பல் போக்குவரத்து மும்முரமாக இருந்தது. பக்கத்தில் உள்ள நயினாதீவின் நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்ற சிங்கள மன்னர் வெட்டியது. எந்த மொழியில் தெரியுமா? தமிழில்! யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்து போனால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு. மூன்று பங்கு சொந்தக்காரருக்கு. மற்ற சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

பிறகு போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1619ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். நெடுந்தீவில் மேய்ந்த மாடுகளைப் பார்த்து, 'பசுக்களின் தீவு' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்தனர். ஊர்காவற்றுறையில் யானைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். அது 'யானைத் துறை' ஆயிற்று. துறைக்கு அவர்கள் சொன்ன சொல்தான் ஆங்கிலத்தில் 'கயிட்ஸ்' என்று நிற்கிறது.

1658ல் டச்சுக்காரர் வந்தார்கள். இவர்கள் மாட்டையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை! தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம்; வேலணை லெய்டன்; நயினாதீவு ஹார்லெம்; புங்குடுதீவு மிடில்பர்க். நெடுந்தீவுக்குக் கிடைத்தது டெல்ஃப்ட். நீல நிறப் பூவேலைப் பீங்கானுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1795ல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. டச்சுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் தங்கிவிட்டது: குதிரைகள்! ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே கூட்டமாகத் திரிகின்றன. கடும் கோடையில் தண்ணீர் கிடைக்காமல் பாவம், செத்தும் போகின்றன. வீட்டு வேலிகளோ பவளக் கற்களை அடுக்கிக் கட்டியவை, சிமென்ட் கிடையாது.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்தப் படகில் தமிழ் பேசும் யாரிடம் கேட்டாலும், 'நெடுந்தீவுக்குப் போகிறோம்' என்றுதான் சொல்வார்கள். உங்கள் பள்ளியில் இருக்கும் ஆங்கில வரைபடத்தை எடுத்துத் தேடிப் பாருங்கள். அங்கே டெல்ஃப்ட் என்றுதான் போட்டிருக்கும்.