மனசுக்கும் ஒரு சானடோரியம்

மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். பல்லாவரம், குரோம்பேட்டை, அப்புறம் தாம்பரம் சானடோரியம். ரயில் நிற்கும், பூக்காரி கூடையோடு ஏறுவாள், கல்லூரிப் பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டே இறங்குவார்கள். "சானடோரியம் என்றால் என்னம்மா?" என்று மடியிலிருக்கும் குழந்தை கேட்டுவிட்டால்தான் திண்டாட்டம். "ஆஸ்பத்திரிடா கண்ணா" என்று சொல்லி, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவோம்.

ஆஸ்பத்திரிதான். ஆனால் மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், வெளிச்சம், காற்று, நடை, ஓய்வு, சாப்பாடு ஆகியவற்றையே மருந்தாகக் கொடுத்து நடத்திய ஆஸ்பத்திரி. எந்த வியாதிக்காக அந்த வைத்தியம் ஏற்பட்டதோ, அதை வேரோடு தீர்க்க அதனால் முடியவில்லை. ஆனால் நம்மில் பலரை வாட்டுகிற வேறொரு உபத்திரவத்துக்கு அதில் நல்ல கைமருந்து இருக்கிறது. சகோதரிகளே, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர் டேவிட் சௌரி முத்து என்று ஒருவர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் நடத்திப் பேர் வாங்கியவர். கணித மேதை ராமானுஜன் அந்நிய மண்ணில் நோய்வாய்ப்பட்டபோது, சில காலம் இவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். அந்தச் சௌரி முத்து தாயகம் திரும்பி, 1928-ம் வருஷத்தில் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அந்நாளில் தாம்பரம் என்றால் புதர்க்காடும், குன்றும், சுத்தமான காற்றும்தான். மின்சார ரயில்கூட 1931-ல்தான் வந்தது. 1937-ல் சென்னை அரசாங்கம் சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் பட்டணத்து நெரிசலை உதறிவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது. காற்று வாங்க வந்தவர்கள் வரிசையில் கல்லூரியும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்தக் காலத்துச் சானடோரியங்களில் நாளொழுங்கு கண்டிப்பாக இருக்கும். ஜன்னலைச் சாத்தக் கூடாது. விடிந்ததும் வராந்தாவுக்கு வந்துவிட வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு. பகலில் ஒரு மௌன நேரம். யாரும் பேசக் கூடாது, படிக்கவும் கூடாது. கொஞ்சம் தெம்பு வந்தவர்களை அளந்து நடக்கச் சொல்வார்கள். திரும்பி வந்ததும் சுரமானி வைத்துப் பார்த்து, உடம்பு தாங்கினால் அடுத்த தடவை இன்னும் கொஞ்ச தூரம். பிறகு தோட்ட வேலை, கைவேலை.

இதெல்லாம் நுரையீரலுக்கு எவ்வளவு உதவியது? அந்தக் கேள்விக்கு விடை சொன்ன பெருமை நம் சென்னைக்கே உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷ காலம். ஒரு பிரிவுக்கு மட்டும் சானடோரியத்தின் காற்றும் ஓய்வும் சத்துணவும். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு. 1959-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தன! குணப்படுத்தியது மாத்திரை, காற்று அல்ல. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு இந்தச் சென்னைப் பரிசோதனை ஒரு முக்கிய காரணம்.

ஆக, இயற்கை வைத்தியம் தோற்றுவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த வைத்தியர்களின் கையில் இருந்தது நுரையீரல் மட்டும் அல்ல. வீட்டை விட்டு, குழந்தை குட்டிகளை விட்டு, மாதக்கணக்கில் படுத்திருந்த மனிதர்கள். அவர்களுடைய மனம் ஒடிந்துவிடாமல் நிறுத்துவதற்கும் அதே நாளொழுங்குதான் துணை. அந்தப் பாதியைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சிட்லபாக்கத்திலோ மடிப்பாக்கத்திலோ ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். காலை நாலரைக்கு எழுந்து, டிபன் கட்டிக் கொடுத்து, எல்லோரையும் அனுப்பியாகிவிட்டது. வேலை ஒன்றும் பாக்கியில்லை. ஆனாலும் நெஞ்சில் ஈரத்துணியைப் போட்டாற்போல் ஒரு கனம். யார் மேலும் கோபமில்லை. எதன் மேலும் ஆசையுமில்லை. "உனக்கென்ன குறை?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பதில் தெரியாததால் அழுகை வரும். ஆபீசுக்குப் போகிற பெண்களுக்கோ இந்தக் கனம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சேரும்.

முதல் மருந்து வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற கணக்கில் அளக்கிறார்கள். விளக்குப் போட்ட நம் கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மூளைக்குத் தெரியும். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தூக்கம், பசி, உற்சாகம் எல்லாவற்றுக்கும் வேளை குறிப்பது அதுதான். 2017-ல் நோபல் பரிசு பெற்ற மூன்று விஞ்ஞானிகள், அது அணுவணுவாக எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்தவர்கள். அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். நாள் முழுவதும் நாலு சுவருக்குள் இருந்தால் சாவி சரியாக விழாது. இரவில் தூக்கம் தள்ளிப் போகும், காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது.

கோலம் போட்ட நாளில் இந்த மருந்து தானாகவே கிடைத்தது. விடியலில் வாசலுக்கு வர வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், புள்ளிக் கணக்குத் தவறாமல் மனசைக் குவிக்க வேண்டும், எதிர் வீட்டு மாமியோடு இரண்டு வார்த்தை வம்பும் பேச வேண்டும். இப்போது வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கரோடு எனக்கு விரோதமில்லை. அதை ஒட்டியதால் மிச்சமான இருபது நிமிஷத்தை எங்கே வைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். காலைக் காப்பியை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ குடியுங்கள். சூரியனை முறைத்துப் பார்க்க வேண்டாம். வெளியே இருந்தால் போதும்.

அடுத்தது, அளந்து கொடுத்த வேலை. சோர்வு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம்" என்று காத்திருக்கிறோம். அது வருகிறதாயில்லை. மனோதத்துவ நிபுணர்கள் இதைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள்: முதலில் செய், மனசு பின்னால் வரும். இதையே மனச்சோர்வு நோய்க்கு ஒரு சிகிச்சையாக நடத்தி, பல பரிசோதனைகளில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். சூட்சுமம் அளவில் இருக்கிறது. அலமாரி முழுவதையும் ஒழிக்கப் போகிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினால், பாதியில் உட்கார்ந்து இன்னும் அழுவீர்கள். ஒரே ஒரு தட்டு. இன்றைக்கு அவ்வளவுதான். நின்றுபோன பாட்டை எடுக்கிறீர்களா? ஒரு வர்ணம் போதும். தோழிக்கு நீளமாகப் பேச வேண்டாம், ஐந்து நிமிஷம்.

நடைக்கும் இதே கணக்கு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்து 2019-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வாரத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரமாவது மரம், செடி, நீர்நிலை என்று இயற்கையோடு கழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது மற்றவர்களைவிட அதிகம். நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த ஆராய்ச்சி ஒன்றே அதைத் தீர்த்துவிடாது. போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை அல்லவா? சிட்லபாக்கம் ஏரிக்கரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் போய் ஏமாறாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.

எனக்குப் பிடித்தது திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து கூப்பிடு தூரம். பெருமாள் அங்கே நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நான்கு கோலத்தில் சேவை சாதிக்கிறார். மனசு சரியில்லாதபோது நாம் முதல் மூன்று கோலங்களோடு நிறுத்திக்கொண்டுவிடுகிறோம். நாலாவதைத் தரிசிக்கவாவது படியேறுங்கள். மேலேயிருந்து பார்த்தால் தென் சென்னைப் பேட்டைகள் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். நம் வீடு எந்த மூலை என்று தேடுவதிலேயே கால் மணி போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவது உத்தமம். துணைக்கு ஆள் காத்திருந்தால், கிளம்ப மனமில்லாத நாளிலும் கிளம்பித்தானே ஆக வேண்டும்?

மௌன நேரத்தைப் பற்றிச் சொன்னேன். அதை நம் வீட்டில் கொண்டுவர ஒரே வழி, கைப்பேசியை வேறு அறையில் வைப்பது. இதற்கு மேல் உபதேசம் செய்தால் அடிக்க வருவீர்கள். காப்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் டிகாக்ஷன் காப்பி குடித்தால், அதிலுள்ள காபீனில் சுமார் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம். தூக்கம் வராதவர்கள் கடைசிக் காப்பியை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனசின் கனம் என்று நாம் நினைப்பது பல சமயம் உடம்பின் குறை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பாதிக்கு மேல்! அசதி, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் அதனால் வரலாம். தைராய்டு மந்தமானாலும் அப்படியே. சைவ உணவுக்காரர்களுக்கு பி-12 வைட்டமின் குறைந்தாலும் அப்படியே. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு, வருஷக்கணக்கில் "நான்தான் சரியில்லை" என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் எத்தனை பேர்! கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக ஒட்டும். சாப்பாட்டோடு காப்பி, டீ குடித்தால் ஒட்டாது.

மூலிகை விஷயத்திலும் நிதானம் வேண்டும். அமுக்கரா நல்லது, வல்லாரை நல்லது என்று ஒன்றுவிட்ட அத்தை சொன்னதை நம்பி டப்பா டப்பாவாக வாங்காதீர்கள். அமுக்கரா தைராய்டு மருந்தோடு மோதக் கூடும். சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. நல்ல வேளையாக, தாம்பரம் சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த வைத்தியர்களைக் கேட்டு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டி, பிறகு சாப்பிடுங்கள்.

சேத்துப்பட்டுப் பாடத்தை இங்கேயும் மறக்கக் கூடாது. வெளிச்சமும் நடையும் வாட்டத்துக்கு மருந்து. மனச்சோர்வு என்ற நோய்க்கு அவை துணை மட்டுமே. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் கனம் இறங்கவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டன, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால், டாக்டர் வேண்டும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், இரவானாலும் பகலானாலும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். 2022-ல் அரசாங்கம் ஏற்படுத்திய மனநல உதவி அது.

பிரசவித்த பெண் இருக்கும் வீட்டு மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் இதைத் தனியாகச் சொல்கிறேன். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவள் மட்டும் சிரிக்காமல் இருந்தால், "என்னடி மூஞ்சி?" என்று கேட்க வேண்டாம். குழந்தையை ஒரு மணி நேரம் நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளைப் பால்கனி வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். இரண்டு வாரமாகியும் அதே முகம்தான் என்றால், போனை நீங்களே போட்டுக் கையில் கொடுங்கள்.