இயற்கைச் சந்தைத் திருவிழாவில் மளிகை வணிகருக்கு என்ன வேலை?



சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் மரபு உணவுத் திருவிழா, இயற்கைச் சந்தை என்ற பெயர்களில் விடுமுறை நாட்களில் கூட்டம் கூடுகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, சாமை, வரகு, மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் அங்கே விற்பனையாகின்றன. “நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது சரியல்ல. துணிப்பையும் தூக்குவாளியுமாக அங்கு வருபவர்கள், நம் கடையில் மாதச் சாமான் பட்டியல் கொடுக்கும் அதே வாடிக்கையாளர்கள்தான்.

இந்தச் சரக்குக்கு ஒரு பின்னணி உண்டு. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி வந்தார். விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறுவது அங்கே வழக்கம். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அப்படிப் பெருகிய நெல் ரகங்களின் அரிசியைத்தான் நகரத்தார் இன்று தேடி வாங்குகிறார்கள். ஐ.நா. சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சிறுதானியத்தின் பெயரும் பரவியது.

அங்கே புதுமை என்று பேசப்படுவதில் பாதி நம் பழைய வழக்கம். மூட்டையிலிருந்து அளந்து கொடுப்பதும், காகிதப் பொட்டலம் மடிப்பதும், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போடுவதும் நம் தந்தையர் கல்லாவில் அமர்ந்த காலத்தில் அன்றாடம் நடந்தவை. ஆயினும், அங்கே பார்த்ததை அப்படியே கடைக்குக் கொண்டுவருமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1. ‘இயற்கை விளைபொருள்’ என்ற சொல்: குறிப்பிட்ட விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு விவசாயி, தம் விளைச்சலைத் தாமே நுகர்வோரிடம் நேரடியாக விற்கும்போது அங்ககச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அதே அரிசியை நாம் வாங்கி விற்றால் அந்த விலக்கு நமக்குச் செல்லாது. 2017ஆம் ஆண்டின் அங்கக உணவு விதிகளின்படி என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று பெற்ற சரக்கை மட்டுமே ‘ஆர்கானிக்’ என்று விற்கலாம். சான்று இல்லையெனில் ரகத்தின் பெயரை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

2. எண்ணெய்: சமையல் எண்ணெயைத் திறந்த பாத்திரத்திலிருந்து சில்லறையாக அளந்து விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. செக்கு எண்ணெயானாலும் லேபிள் ஒட்டி, மூடி முத்திரையிட்ட பாட்டில்களாகவே வாங்கி விற்பது பாதுகாப்பு.

3. பை: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. துணிபோலத் தோன்றும் ‘நான்-ஓவன்’ பையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. துணிப்பை என்று நம்பி அதை வாங்கி அபராதம் கட்ட நேரலாம். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் சொல்வது பருத்தித் துணிப்பையைத்தான்.

4. வரி: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, தானியங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதற்கு அது இல்லை. அளந்து விற்பதில் இப்படி ஓர் ஆதாயமும் உண்டு. பாத்திரத்தின் எடையைத் தராசில் கழித்து, வாடிக்கையாளர் கண்முன்னே நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

5. இருப்பு: தவிடு நீக்காத அரிசியிலும் சிறுதானியத்திலும் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சிக்கு வாடையும் வண்டும் சீக்கிரம் வரும். கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். வெள்ளைப் பச்சரிசிபோல் மாதக்கணக்கில் அடுக்கி வைக்க இயலாது. பத்துக் கிலோ வாங்கி, விற்றபின் மறுபடி வாங்குவதே முறை. மாவு கேட்பவருக்கு அன்றன்று அரைத்துக் கொடுக்கலாம்.

திருவிழாவுக்குப் போகும்போது ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். எந்த ஊர் விளைச்சல், எந்த மாத அறுவடை, மூட்டை விலை என்ன, தொடர்ந்து எத்தனை மாதம் தர முடியும் என்று விவசாயியிடம் கேளுங்கள். அங்கே அவர் சொல்வது சில்லறை விலை. வண்டிக் கூலியும் கழிவும் சேர்த்து நமக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டபின் கைகொடுங்கள். ஒரு கிலோ வாங்கி வீட்டில் சமைத்துப் பாருங்கள். எத்தனை தண்ணீர், எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

திருவிழா இரண்டு நாளில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அந்த வாடிக்கையாளருக்குத் திறந்திருப்பது நம் கடைதான். அவர் கேட்கும் சரக்கும் அதைப்பற்றிய உண்மையான பதிலும் நம்மிடம் இருந்தால், நம் வியாபாரம் வேறிடம் போகாது.