கோவை ஈரநிலங்களில் இணையர் உலா

ஆற்றங்கரை, குளம், ஏரி, சதுப்பு நிலம் முதலிய நீர்ப்பாங்கான இடங்களுக்குக் கணவன் மனைவியோ காதலர்களோ சேர்ந்து சென்று, நடந்தும் அமர்ந்தும் இயற்கையைப் பார்த்தும் பொழுதைக் கழிப்பது ஈரநில உலா எனலாம். இதற்குப் பெருஞ்செலவோ நீண்ட விடுமுறையோ தேவையில்லை. கொங்கு நாட்டில், குறிப்பாகக் கோயம்புத்தூரைச் சுற்றி, இதற்கேற்ற இடங்கள் பல உள்ளன. இவ்விடங்களில் கிடைக்கும் அமைதியை இணையர்களும் நீர்ப்பறவைகளும் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவர் அதைக் கெடுத்தால் இருவருக்குமே அது இல்லாமல் போகும்.

ஈரநிலம் என்பது யாது?

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. இயற்கையான சதுப்பு நிலங்கள் மட்டுமன்றி, மனிதர் வெட்டிய குளங்களும் அணைகளின் நீர்த்தேக்கங்களும் ஈரநிலங்களே என்பது அதன் வரையறை. எனவே பிச்சாவரம், பள்ளிக்கரணை போன்ற கடலோரப் பகுதிகளுக்குச் செல்ல இயலாத கோவை மக்களுக்கும் ஈரநிலங்கள் அருகிலேயே உள்ளன.

நொய்யலும் குளங்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு, கோவை, திருப்பூர் வழியாக ஏறத்தாழ 180 கி.மீ. ஓடிக் காவிரியில் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டி, வாய்க்கால்கள் வழியே குளங்களுக்கு நீரைத் திருப்பினர் முன்னோர். ஒரு குளம் நிரம்பினால் மிகை நீர் அடுத்த குளத்திற்குச் செல்லும். கிருஷ்ணாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் ஆகியவை இந்த அமைப்பைச் சேர்ந்தவை. வயலுக்குப் பாய்ந்த நீர் இன்று நகரின் நிலத்தடி நீரைக் காக்கிறது, கரைகள் நடைபாதைகளாகியுள்ளன.

நகரின் வடகிழக்கே உள்ள கணபதியின் நிலை வேறு. வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த இப்பகுதிக்கு அருகிலுள்ள சின்னவேடம்பட்டி ஏரி மழைநீரை நம்பியது. பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. தன்னார்வலர்கள் முட்புதர்களை அகற்றி மரங்களை நட்டு அதை மீட்க முயன்று வருகின்றனர்.

குளக்கரை ஏன் தேவைப்படுகிறது?

கணபதி போன்ற தொழிற்பகுதிகளில் பல குடும்பங்கள் ஓரிரு அறைகள் கொண்ட லைன் வீடுகளில் வாழ்கின்றன. மாமனார், மாமியார், பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச வீட்டில் இடம் கிடைப்பதில்லை. பட்டறைக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. திரையரங்கிற்கும் உணவகத்திற்கும் செல்ல ஒவ்வொரு வாரமும் பணம் போதாது. குளக்கரையில் நடக்கவோ உட்காரவோ பெருஞ்செலவு இல்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், காந்திபுரம் வழியாக உக்கடம் சென்று வர ஒருவருக்கான பயணச்சீட்டே போதும். எளிய வருவாய் உடையோருக்கு இக்கரைகள் பொழுதுபோக்கிடம் மட்டுமல்ல. வீட்டில் கிடைக்காத தனிமையும் இங்குதான் கிடைக்கிறது.

செல்லத் தக்க இடங்கள்

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம்: 2016இல் திறன்மிகு நகரங்கள் திட்டத்திற்குக் கோவை தேர்வான பின் இவற்றின் கரைகளில் நடைபாதைகளும் இருக்கைகளும் விளக்குகளும் அமைக்கப்பட்டன. ஆள்நடமாட்டம் இருப்பதால் மாலை நேரத்திற்கு ஏற்றவை.

சிங்காநல்லூர் குளம்: இது 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள், பட்டாம்பூச்சிகள், கரையோர மரங்கள் ஆகியவற்றைக் காண விரும்புவோர் காலையில் செல்லலாம்.

நஞ்சராயன் குளம்: திருப்பூரை அடுத்துள்ள இக்குளம் ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடையது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கோவையிலிருந்து திருப்பூருக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயம்: ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது. 2022இல் ராம்சர் தலமானது. ஒரு முழு நாளை ஒதுக்கிச் செல்வோர்க்கு உகந்தது.

பரளிக்காடு: காரமடைக்கு அப்பால் பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஊர். வனத்துறையும் பழங்குடி மக்களும் இணைந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் பரிசல் பயணமும், ஊர்ப் பெண்கள் சமைக்கும் மதிய உணவும் கிடைக்கும். முன்பதிவு கட்டாயம்.

பருவமும் பொழுதும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழையால் குளங்களில் நீர் இருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி ஆகியவற்றைக் கருவிகள் இன்றியே காணலாம். எளிய இருநோக்கி ஒன்று இருந்தால் இருவரும் மாறி மாறிப் பார்க்கலாம்.

வயலும் பொய்கையும் சூழ்ந்த மருத நிலத்திற்கு வைகறையையும் விடியலையும் சிறுபொழுதாகவும், ஊடலை உரிப்பொருளாகவும் தமிழ் இலக்கண மரபு வகுத்தது. நீரில் இணைபிரியாது வாழும் மகன்றில் பறவையைச் சங்கப் புலவர்கள் அன்புக்கு உவமையாக்கினர். நீர்நிலையையும் இணையரையும் சேர்த்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. விடியல் பொழுது இன்றைய உலாவுக்கும் பொருந்தும்: அப்போது வெயில் இல்லை, கூட்டம் இல்லை, பறவைகள் இரை தேடிச் சுறுசுறுப்பாக இருக்கும்.

பறவைகளுக்கு இடையூறு இல்லாமல்

ஆள் நெருங்கும்போது பறவை எழுந்து பறப்பது பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அது இரை தேடும் நேரத்தையும் உடல் ஆற்றலையும் இழக்கிறது. கூட்டை விட்டு எழுந்தால் முட்டைகள் வெயிலுக்கும் காகங்களுக்கும் ஆளாகும். எனவே,

- கைப்பேசியில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும்.
- தற்படத்திற்காகக் கூடுகளையும் நாணல் புதர்களையும் நெருங்கக் கூடாது.
- பறவைகளுக்கும் மீன்களுக்கும் பொரி, ரொட்டி போடக் கூடாது.
- காளான், சுண்டல் வாங்கிய தட்டுகளையும் நெகிழிக் குப்பிகளையும் கரையில் விடக் கூடாது.
- வழுக்கும் மதகுகளிலும் கலிங்குகளிலும் ஏறக் கூடாது. குளத்தில் இறங்கக் கூடாது. மேலே படர்ந்த ஆகாயத்தாமரை ஆழத்தை மறைத்துவிடும்.

சட்டமும் பாதுகாப்பும்

வயது வந்த ஆணும் பெண்ணும் பொது இடத்தில் சேர்ந்து அமர்வது குற்றமன்று. அதற்குத் திருமணச் சான்று காட்ட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பிறருக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயலே பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இணையரை மிரட்டிப் பணம் பறிப்பதும், அவர்கள் அறியாமல் படமெடுத்துப் பரப்புவதும் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியவை. மிரட்டப்படுவோர், வீட்டிற்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிப் பணம் கொடுத்தால் மிரட்டல் தொடரவே செய்யும். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்களை அழைக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியும் உண்டு.

இருட்டிய பின் ஆளில்லாத கரைகளைத் தவிர்ப்பதும், செல்லும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைப்பதும் நல்லது. எனினும் போதிய வெளிச்சமும் காவல் சுற்றும் கழிப்பிட வசதியும் தருவது நிர்வாகத்தின் கடமை. அவை இல்லாத கரைக்குப் பெண்கள் வருவது குறையும்; பெண்கள் வராத கரை மேலும் பாதுகாப்பற்றதாகும்.

குளங்கள் நிலைத்தால்

கோவைக் குளங்களில் கழிவுநீர் கலப்பதும் ஆகாயத்தாமரை படர்வதும் நீங்காத சிக்கல்கள். கரையை அழகுபடுத்தும்போது அளவுக்கு மீறிக் கற்காரையும் இரவு விளக்குகளும் சேர்ந்தால், மண்கரையை நம்பி வாழும் உயிர்கள் விலகிச் செல்லும். ஈரநிலங்களில் திடக்கழிவு கொட்டுவதையும் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவதையும் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடை செய்கின்றன. மறுபுறம், 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசி திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி ஆற்றின் உபரிநீரைக் கொண்டு செல்கிறது. வறண்டு கிடந்த குட்டைகளில் நீர் நின்றால் பறவைகள் வரும். நகரத்துக் குளங்களைத் தேடி வரவேண்டிய தேவையின்றி, சிற்றூர் இணையர்க்கும் தம் ஊர்க் கரையிலேயே அமர இடம் கிடைக்கும்.