மணவுரிமையும் சாதியின் பூட்டும்: தன்பாலினத் திருமணக் கோரிக்கை நமக்கும் உரியது

தன்பாலின இணையரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், சாதி ஒழிப்புக் களத்தில் நிற்கும் தோழர்கள் சிலர் ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கரும் பாளையங்கோட்டையில் 2025இல் கவினும் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. ஆணும் பெண்ணும் சாதியை மீறிக் காதலிப்பதற்கே உயிருக்கு உறுதியில்லை. இந்நிலையில் இது மாநகர மேட்டுக்குடியின் கோரிக்கை அல்லவா?

கேள்வியில் உள்ள வலி உண்மையானது. ஆனால் மாநகர மேட்டுக்குடி என்ற அதே வாதத்தை 2023இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது ஒன்றிய அரசு. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அதை ஏற்கவில்லை. வயலில் உழைக்கும் சிற்றூர்ப் பெண்ணும் தன்பாலீர்ப்பு உடையவராக இருக்கலாம் என்று தம் தீர்ப்பில் விளக்கினார். அதற்கு மேலும் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வசதி படைத்தவருக்குச் சட்டம் துணை நிற்காவிட்டாலும் பணம் துணை நிற்கும். தனி வீடு, வழக்கறிஞர், தேவையானால் வேறொரு நாடு என்று அவருக்கு வழிகள் உண்டு. சட்டத்தின் காப்பு இல்லாதபோது முதலில் தெருவுக்கு வருபவர், வேறு எந்தக் காப்பும் இல்லாதவரே.

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

வயது வந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவாளி என்ற முத்திரை நீங்கியது. குடும்பம் என்ற ஏற்பு கிடைக்கவில்லை. அதைக் கோரித் தொடரப்பட்ட சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு வழங்கியது.

திருமணம் செய்துகொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டம் தரும் அடிப்படை உரிமை ஆகாது என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தன்பாலின இணையருக்குப் பொருந்துமாறு நீதிமன்றமே திருத்தி வாசிக்க முடியாது என்றனர். எதிர்பாலின உறவில் உள்ள திருநங்கையரும் திருநம்பியரும் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணம் புரியலாம் என்பதிலும் அவர்களிடையே வேறுபாடு இல்லை. பிரிந்தது ஓர் இடத்தில்தான். தன்பாலின இணையரின் கூட்டு வாழ்வை அரசு ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றாக வேண்டும் என்று சந்திரசூட்டும் எஸ்.கே. கௌலும் கூறினர். ரவீந்திர பட், ஹிமா கோலி, பி.எஸ். நரசிம்மா ஆகிய மூவர் அத்தகைய கடமை அரசுக்கு இல்லை என்றனர். சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடி ஆயின.

இணையரின் நடைமுறைச் சிக்கல்களை ஆராய அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைப்பதாக ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் உறுதி கூறியிருந்தது. 2024இல் அக்குழு அமைந்தது. அதன்பின் குடும்ப அட்டையில் இணையரை ஒரே குடும்பமாகக் கொள்ளுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும் விளக்கம் தரப்பட்டது. இவை பயனுள்ளவைதாம். ஆனால் இவை நிருவாக அறிவுறுத்தல்கள். ஒரு சுற்றறிக்கை தந்ததை இன்னொரு சுற்றறிக்கை பறித்துவிடலாம்.

சான்றிதழ் இல்லையெனில் இல்லாதவை

திருமணம் ஒரு சடங்கு என்பதோடு நின்றுவிடுவதில்லை. யார் யாருக்கு உறவு என்று அரசு எழுதி வைத்திருக்கும் பட்டியலின் திறவுகோல் அது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்து மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் என விரியும் உறவினரைச் சேரும். இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த தன்பாலின இணையருக்கு அப்பட்டியலில் எங்கும் இடமில்லை. ஒருவர் பெயரிலுள்ள வீட்டுமனைப் பட்டா, அவரை வீட்டைவிட்டுத் துரத்திய உறவினருக்கே திரும்பிச் செல்லக்கூடும்.

பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றின் விதிகளும் இத்தகையவை. சட்டம் வரையறுக்கும் குடும்பம் உள்ள தொழிலாளி, அதற்கு வெளியே உள்ள ஒருவரை நியமனதாரராகக் குறித்தால் அது செல்லாது. குடும்ப ஓய்வூதியமும் அவ்வாறே. உழைத்து ஈட்டிய பயன் இவ்வாறு மறுக்கப்படுவது பாகுபாடு என்பதை, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பட்டும் ஏற்றுக்கொண்டார். ஆனால் தீர்வை அரசிடமே விட்டார்.

இதை நம் வாழ்வோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சுப்ரியோ தீர்ப்புக்கு மூன்று நாள் கழித்து, 2023 அக்டோபர் 20 அன்று, அதே நீதிபதி பட் இடம்பெற்ற அமர்வு, கழிவுநீர்க் குழியில் இறக்கப்பட்டு உயிரிழக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நாம் நெடுங்காலம் போராடிப் பெற்ற தொகை அது. இறந்த தொழிலாளியோடு வாழ்ந்தவர் இன்னோர் ஆண் என்றால், அந்தக் குடும்பம் என்ற சொல்லுக்குள் அவர் வருவாரா? இன்றைய சட்டத்தில் அவர் யாரோ ஒருவர்.

அகமணத்தின் காவலர்கள்

சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். தன் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டிய ஒரு குழு, ஆண் பெண் எண்ணிக்கையைச் சமன்செய்தாக வேண்டும். மிகையாக எஞ்சும் ஆணும் பெண்ணும் அந்த வட்டத்துக்கு ஆபத்து. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அந்த ஆபத்தைத் தீர்க்கக் கண்ட கொடிய வழிகள் என்றார் அவர்.

இந்தப் பார்வையை நாம் ஓர் அடி முன்னெடுத்துச் செல்லலாம். பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆணை விரும்பும் ஆணும் சாதியின் கணக்கில் அடங்காதவர்கள். அவர்கள் அடுத்த தலைமுறையைச் சாதிக்குள் பெற்றுத்தர மறுக்கிறார்கள். ஆகவேதான் பூட்டிய அறை, அடி, அவசரமாகப் பார்த்து முடிக்கும் சொந்தச் சாதி மாப்பிள்ளை என, சாதி மறுத்துக் காதலித்த மகளுக்கு நேரும் அதே தண்டனைகள் அவர்களுக்கும் நேர்கின்றன. சாதி மறுப்புத் திருமணத்தையும் தன்பாலினத் திருமணத்தையும் தடுப்பது ஒரே பூட்டு. அதன் சாவி குடும்பத் தலைவர்களின் கையில் இருக்கிறது. நம் குடியிருப்புகளிலும் அந்தச் சாவியைக் கையில் வைத்திருப்போர் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அம்பேத்கருக்கு இது அயலான பொருளும் அன்று. பாலியல் குறித்த வாசகர் கேள்விகளுக்குத் தம் இதழில் விடையளித்ததற்காக ஆபாச வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆர்.டி. கார்வேக்காக, 1934இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் வாதாடினார். அக்கேள்விகளுள் தன்பாலுறவு பற்றியதும் இருந்தது. வழக்கு தோற்றது. ஆனால் அவர் நின்ற இடம் தெளிவானது.

30 நாள் அறிவிப்பு

சிறப்புத் திருமணச் சட்டத்தின் கதவு நாளையே திறந்தாலும் போதுமா? அச்சட்டத்தின்படி மணம் புரிய விரும்புவோர் முன்னறிவிப்புத் தர வேண்டும். அது பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். 30 நாள் வரை எவரும் ஆட்சேபிக்கலாம். மதம் மாறாமல் மணக்க விரும்பும் இணையர் இந்த 30 நாளில் எத்தனை அச்சுறுத்தலைத் தாண்ட வேண்டும் என்பதை நாம் அறிவோம். வீட்டுக்குத் தெரியாமல் வெளியேறிய தன்பாலின இணையருக்கு அந்தத் தாள் முகவரியோடு கூடிய காட்டிக்கொடுப்பாகிவிடும்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் மனுதாரர்களிடையே இருந்தனர். ரிதுபர்ணா போரா உள்ளிட்டோர் தொடர்ந்த மனு, இந்த அறிவிப்பு விதியையே எதிர்த்தது. பிறந்த குடும்பத்தின் வன்முறையைச் சுட்டிக்காட்டி, தாம் தேர்ந்துகொண்டவரை உறவாக நியமிக்கும் உரிமையையும் கேட்டது. திருமணமே சாதியின் நிறுவனமாயிற்றே, அதில் நுழைய ஏன் போராட வேண்டும் என்று கேட்கும் தோழர்களுக்கும் இங்கே விடை உண்டு. மணம் புரிய விரும்பாதவரும் தம் உறவைத் தாமே தேர்ந்தெடுக்க வழி வேண்டும்.

தமிழ்நாட்டின் முன்னுதாரணம்

சட்டம் ஏற்காத திருமணங்களோடு ஒரு தலைமுறை வாழ்ந்த வரலாறு தமிழ்நாட்டுக்கு உண்டு. 1920களின் இறுதியில் பெரியார் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்திருமணங்களைச் செய்துகொண்டோர் அதனால் பின்வாங்கவில்லை. 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் போதும் என்றது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது.

திருமணம் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டமன்றம் திருத்தம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். 7-அ பிரிவு வந்த வழியும் அதுவே. கணவன், மனைவி என்ற சொற்களோடு ‘இணையர்’ என்ற சொல்லையும் சேர்க்கும் திருத்தத்தை இயற்றி அனுப்பும் தகுதி சட்டமன்றத்துக்கு உண்டு. ஒப்புதல் மறுக்கப்படலாம். கேட்பதற்குத் தடையில்லை.

நீதிமன்றங்களும் சில கற்களை எடுத்து வைத்துள்ளன. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2021இல் சுஷ்மா வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். 2023இல், இணையர் தமக்குள் பதிந்துகொள்ளும் குடும்ப உறவு ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைப் பரிசீலிக்குமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொண்டார். 2025 மே மாதத்தில், பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியன்று என்று கூறியது.

இன்றே கையிலுள்ள கருவிகள்

சட்டம் மாறும்வரை களத்தில் உதவிக்கு நிற்கும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். வயது வந்த ஒருவர் காணவில்லை என்று பெற்றோர் புகார் தந்தால், அவர் விருப்பத்தோடுதான் சென்றார் என்பதை உறுதிசெய்தபின் காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும் என்பது சுஷ்மா வழக்கின் ஆணை. அடைத்து வைக்கப்பட்டவரை மீட்க ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். அவரை நீதிபதிகள் தனியே சந்தித்து அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும், மனத்தை மாற்றும் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியுள்ளது.

இணையருள் ஒருவர் பட்டியல் சாதியினராக இருந்து, மற்றவரின் ஆதிக்கச் சாதிக் குடும்பம் சாதியின் பேரால் அவரை இழிவுபடுத்தினாலோ தாக்கினாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். அவர்கள் மணமானவர்களா என்ற கேள்வி அங்கே எழாது. பெற்றோர் வீட்டில் அடிபடும் பெண், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம். சொத்துக்கு உயில் ஒன்றே இப்போதுள்ள காப்பு. இரு சாட்சிகள் கையொப்பமிட்டால் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆயினும் பதிவது நல்லது.

நம் கோரிக்கை

ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தச் சட்டத்துக்காக நம் இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து வந்துள்ளன. அதன் முதல் பக்கத்தில் வரப்போகும் வரையறையை நாம் உற்று நோக்க வேண்டும். பாதுகாப்பு ‘மணம் புரிந்த ஆணும் பெண்ணும்’ என்பதோடு நின்றுவிட்டால், மணம் புரியவே வழியில்லாத இணையர் அதற்கு வெளியே நிற்பர். ‘வயது வந்த எந்த இருவரும்’ என்று எழுதினால் அவர்களும் உள்ளே வருவர். காதலிக்கும் கட்டத்திலேயே கொல்லப்படுவோருக்கும் அதே சொற்கள் காப்பாகும்.

இச்சொற்களை நம் மனுக்களிலும் மாநாட்டுத் தீர்மானங்களிலும் நாம் இப்போதே எழுதியாக வேண்டும். சட்டம் இயற்றப்பட்ட பின் அதில் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைச் சுயமரியாதைத் திருமணத்தின் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.