கம்பனிச் சட்டப்பகுதியும் அதன் முகாமையும்

பெருங் கம்பனிகள் பல தமக்கெனத் தனியே ஒரு சட்டப்பகுதியை அமைத்து, முழுநேரச் சட்டத்தரணிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தி நடத்தி வருகின்றன. வெளியிலுள்ள சட்டத்தரணியைப் பெரும்பாலும் வழக்கு வந்தபின்னரே நாடுவர். உள்ளிருக்கும் சட்டத்தரணியின் கடமையோ வழக்கு வாராமற் காத்தலாகும். ஒப்பந்தங்களை ஆராய்தல், அரசாங்க விதிகளுக்கமையக் கருமங்கள் நடைபெறச் செய்தல், பணிப்பாளர் சபைக்கு ஆலோசனை கூறல், வழக்குகளை நடத்துவித்தல் என்பன அவர்தம் தொழில்கள். இத்தகைய பகுதியைத் திறம்பட நடத்துதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அமெரிக்காவில் ஒருகாலத்தில் கம்பனியின் முக்கியமான சட்டக் கருமங்களையெல்லாம் வெளிச் சட்ட நிறுவனங்களே கவனித்து வந்தன. 1987 இல் ஜெனரல் இலெக்றிக் கம்பனியின் தலைமைச் சட்டத்தரணியாகப் பதவியேற்ற பென் ஹைன்மன், வரி, வர்த்தகம், சுற்றாடல் முதலிய துறைகளில் வல்லோரை வெளியிலிருந்து தேர்ந்தெடுத்துக் கம்பனிக்குள்ளேயே அமர்த்தினார். டூபொன்ற் கம்பனி 1992 இல் ஆரம்பித்த திட்டத்தின்படி, தனக்குப் பணியாற்றிய 350 இற்கு மேற்பட்ட சட்ட நிறுவனங்களை ஏறத்தாழ 40 ஆகக் குறைத்தது. செலவு குறைந்தமையோடு, எஞ்சிய நிறுவனங்கள் கம்பனியின் இயல்பை நன்கறிந்து பணியாற்றவும் வழி பிறந்தது.

ஆளைத் தேர்தலும் செலவைக் கட்டுப்படுத்தலும் முகாமையின் இரு கண்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டினால் மட்டும் ஒரு சட்டப்பகுதி சிறந்துவிடுமோ? அன்று. அறியவேண்டியதை அறியவேண்டியவர் உரிய காலத்தில் அறிகின்றாரா என்பதே அதன் உரைகல்லாகும். இதனை ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

அக்கம்பனி செய்த செவ்ரொலே கோபால்ற் முதலிய சிறு மோட்டார் வண்டிகளில், இயந்திரத்தை முடுக்கும் சாவி ஆளி உறுதி குறைந்ததாய் இருந்தது. ஓடும் வண்டியிற் சாவி தானே திரும்ப, இயந்திரம் நிற்கும். மோதலின்போது உயிர்காக்கும் காற்றுப்பையும் விரியாது. பொறியியலாளர் இதனைப் பாவிப்போரின் வசதி பற்றிய குறையென வகுத்தனரேயன்றி உயிராபத்தென வகுக்கவில்லை. 2006 இல் ஆளி திருத்தப்பட்டபோதும் அதன் பாக இலக்கம் மாற்றப்படவில்லை. ஆதலின் பழையதும் புதியதும் ஒன்றெனவே பின்னர் ஆராய்ந்தோர் மயங்கினர்.

இதற்கிடையில், விபத்துக்குள்ளானோர் தொடுத்த வழக்குகள் ஒவ்வொன்றாகச் சட்டப்பகுதிக்கு வந்தன. தண்டனையாக மிகுந்த நட்டஈடு விதிக்கப்படலாமென வெளிச் சட்டத்தரணிகள் எச்சரித்தனர். வழக்குகளோ தனித்தனியே பணங்கொடுத்துத் தீர்க்கப்பட்டன. 50 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தீர்வுகளுக்கே தலைமைச் சட்டத்தரணியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அதற்குக் குறைந்தவை கீழ்நிலையிலேயே முடிந்தன. மரணங்கள் நிகழ்ந்தும் 2014 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அவருக்குச் செய்தி எட்டவில்லை. அவ்வாண்டில் 26 இலட்சம் வண்டிகள் மீள அழைக்கப்பட்டன. பணிப்பாளர் சபையின் வேண்டுகோளுக்கிணங்க அன்ரன் வலூக்காஸ் என்னும் சட்டத்தரணி விசாரித்து அறிக்கை சமர்ப்பித்தார். பதினைவர் பதவி நீக்கப்பட்டனர். அவருட் சட்டத்தரணிகளும் இருந்தனர். 124 மரணங்களுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. 2015 இல் 90 கோடி டொலரை அரசாங்கத்துக்குச் செலுத்தவும் கம்பனி இணங்கிற்று.

இங்கே பிழை எங்குள்ளது? பண எல்லை வகுத்தமை தானே பிழையன்று. எல்லாக் கருமங்களும் தலைவரிடம் சென்றால் ஒன்றும் நடைபெறாது. பணத்தை மட்டுமே எல்லையாகக் கொண்டமையே பிழை. ஓர் உயிரிழப்புக்குரிய வழக்கு சிறு தொகையில் முடியலாம். அதனாற் காரணமும் சிறிதாகிவிடுமோ? உயிரிழப்பும் கடுங்காயமும் பற்றிய வழக்கெதனையும் தீர்க்குமுன் தமக்கு அறிவித்தல் வேண்டுமெனத் தலைமைச் சட்டத்தரணி பின்னர் விதித்தமை இவ்வுண்மையை உணர்ந்தேயாம்.

இதிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படும். முதலாவது, மேலே செல்லவேண்டியவற்றைத் தொகையால் மட்டுமன்றித் தன்மையாலும் வகுத்தல். இரண்டாவது, வழக்குகளைத் தனித்தனியே முடித்து மூடிவிடாது, ஒருங்கே வைத்துப் பார்த்துப் பொதுக் காரணத்தைத் தேடல். மூன்றாவது, கண்ட காரணத்தைப் பொறியியற் பகுதிக்கும் பணிப்பாளர் சபைக்கும் தாமதியாது உணர்த்தல். வழக்கைத் தீர்த்தல் வேறு. வழக்கின் காரணத்தைத் தீர்த்தல் வேறு.

இவற்றைச் செய்வதற்கு அஞ்சாமை வேண்டும். சம்பளம் அளிப்பவரை இடித்துரைத்தல் எளிதன்று. 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று, அக்சோ நோபல் வழக்கில், உள்ளகச் சட்டத்தரணி வேலைகொள்வோரைச் சார்ந்தவராதலின் வெளிச் சட்டத்தரணிக்குரிய சுதந்திரம் அவருக்கில்லை என்றும், ஒன்றியத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் அவருடைய ஆலோசனைகளுக்கு இரகசியப் பாதுகாப்பு இல்லை என்றும் தீர்த்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்பாதுகாப்பு உண்டு. ஆயின் அமெரிக்காவில் 2002 இல் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்-ஒக்ஸ்லி சட்டத்தின் 307 ஆம் பிரிவின்கீழ் எழுந்த விதிகள் ஒரு கடமையையும் சுமத்தியுள்ளன. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் கம்பனியிற் பாரிய சட்டமீறலுக்குச் சான்று கண்ட சட்டத்தரணி, அதனைத் தலைமைச் சட்டத்தரணிக்கு அறிவித்தல் வேண்டும். தக்க விடை கிடையாவிடின் பணிப்பாளர் சபை வரையும் செல்லுதல் வேண்டும்.

சட்டம் இவ்வாறு வழியைத் திறந்து வைத்தாலும், அவ்வழியே நடப்போரைப் பாதுகாத்தல் முகாமையின் கடமை. தலைமைச் சட்டத்தரணி பணிப்பாளர் சபையை நேரே அணுகக்கூடியவராயிருத்தலும், தீய செய்தி கொணர்வோர் பதவியுயர்விற் பின்தள்ளப்படாதிருத்தலும் இன்றியமையாதன. அரசனுக்கு இதமானதையே கூறிய அமைச்சரால் அரசு கெட்ட கதைகள் நம்மவர்க்குப் புதியனவல்ல. கம்பனிக்கும் அஃதொக்கும்.

நம் கல்லூரி மாணவருட் சிலர் நாளை சட்டத்தரணிகளாவர். வேறு சிலர் கம்பனிகளையும் திணைக்களங்களையும் நடத்துவர். முன்னையோர் சொல்லவேண்டியதைச் சொல்லவும், பின்னையோர் கேட்கவேண்டியதைக் கேட்கவும் பழகுவாராயின், சட்டப்பகுதி கம்பனிக்கு மட்டுமன்றி அதன் பொருளை நம்பி வாங்கும் மக்களுக்கும் காவலாய் அமையும்.